கயிறில்லாத வில்லோடு சூரியநெல்லிக்கு

விஜயதசமி, காலை ஆறரை மணி

எங்களூர் எலப்புள்ளி நிறுத்தத்தில் நானும் என் மனைவி பூங்கொடியும் பொள்ளாச்சி பஸ்ஸுக்காக நின்றோம். என் தோளில் துணிப்பை. பூங்கொடியின் முதுகில் நீளமான வில் பை. போகிற இடம் இடுக்கி மாவட்டத்துச் சூரியநெல்லி. மறுநாள் அங்கே ஒரு வில் போட்டி.

நம் வாசகசாலைப் பிள்ளைகள் பலர் என்னிடம் விவரம் கேட்டீர்கள். என் மகள் யாழினியும் மகன் கவினும் உங்களோடு சேர்ந்து கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்ல எனக்கு வாய் வலிக்கிறது. அதனால் எழுதுகிறேன். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன், கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனியில் மிஷின் பிட்டர். பிழை இருந்தால் பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

இது மைதானத்தில் வட்டப் பலகையைப் பார்த்து எய்கிற போட்டி இல்லை. தேயிலைத் தோட்டத்து மேட்டிலும் பள்ளத்திலும் காட்டுப்பன்றி, மான், கரடி என்று ரப்பரில் செய்த பொம்மைகளை நிறுத்தியிருப்பார்கள். வேட்டைக்குப் போகிறவர்களைப் போல ஒவ்வொன்றாகத் தேடி நடந்து, நின்று, எய்ய வேண்டும். மொத்தம் இருபது பொம்மை. ஒவ்வொன்றுக்கும் இரண்டு அம்பு, தைக்கிற இடத்தைப் பொறுத்துப் புள்ளி. எத்தனை தூரம் என்று எங்கும் எழுதி வைக்க மாட்டார்கள். கண்ணாலேயே அளந்துகொள்ள வேண்டியதுதான். இதில் எந்த உயிரும் போகாது, நம்முடைய கால்தான் போகும்.

பூங்கொடி பள்ளிக்கூடத்தில் மதியச் சோறு ஆக்குகிறவள் என்று உங்களுக்குத் தெரியும். நாலு வருஷம் முன்னால் ஒரு சாயங்காலம், பாத்திரம் கழுவிவிட்டு மைதானத்து ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தவளிடம் பிள்ளைகளுக்கு வில் சொல்லிக்கொடுக்கிற மாஸ்டர், "நீங்களும் ஒண்ணு எய்து பாருங்க" என்று வில்லைக் கொடுத்தார். அண்டாவில் கிண்டிக் கிண்டி இறுகிய கை. வில் வளைந்தது. அன்றிலிருந்து அவளும் எய்கிறாள். போன வருஷம் இதே போட்டியில் ஐந்தாவதாக வந்தாள். பெண்களில் முதல் மூன்று பேரைத்தான் மாநில அணிக்கு எடுப்பார்கள். எடுத்தால் ரயில் ஏறி வடக்கே போகலாம். அவளுக்கு முப்பத்தெட்டு வயது. ஆசையை வாய்விட்டுச் சொல்ல மாட்டாள். ஆனால் இரண்டு மாதமாக, விடிவதற்கு முன்னால் களத்துமேட்டில் அம்பு போய்த் தைக்கிற சத்தம் கேட்டுத்தான் நான் கண் விழித்தேன்.

பகல் பதினொன்றரை, சின்னாறு

பொள்ளாச்சியில் இறங்கி உடுமலைப்பேட்டை, உடுமலையில் இறங்கி மூணாறு பஸ். விஜயதசமி விடுமுறைக் கூட்டம். பூங்கொடிக்கு மட்டும் உட்கார இடம் கிடைத்தது. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

சின்னாறு சோதனைச் சாவடியில் வனக்காவலர் ஒருவர் ஏறி ஒவ்வொரு பையாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தார். வில் பையைத் தொட்டதும் நின்றுவிட்டார்.

"இது எந்தா?"

"வில்லுங்க" என்றாள் பூங்கொடி.

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. இரண்டு பக்கமும் சரணாலயம். அதற்குள் வில்லும் அம்பும் கொண்டு போனால் யார்தான் சும்மா விடுவார்கள்? எங்களைக் கீழே இறக்கினார். பையைத் திறந்து அம்பு ஒன்றை எடுத்து அதன் முனையை விரலால் தடவிப் பார்த்தார். போட்டிக்காரர்கள் அனுப்பியிருந்த கடிதத்தைக் கொடுத்தோம். அதை வாங்கிக்கொண்டு உள்ளே போய் யாருக்கோ போன் செய்தார். கால் மணி நேரம் ஆனது. வெயில் மண்டையைப் பிளந்தது. ஜன்னல் வழியாக ஒரு பெரியவர் தலையை நீட்டி, "ஏனுங்க, பன்னி கிடைச்சா நமக்கும் ஒரு பங்கு போட்டுருங்க" என்றார். பின்னால் சிரிப்பு. கண்டக்டர், "பங்கு அப்பறம் போடலாம், மொதல்ல வண்டிய எடுக்க விடுங்க" என்றார்.

காவலர் திரும்பி வந்தார். "கயிறு பூட்டல அல்லே? பூட்டியிருந்தா விட முடியாது."

"பூட்டலீங்க, கழட்டித்தான் இருக்குது" என்றேன் நான், தைரியமாக.

அவர் தலையாட்டினார். பழுப்பு டேப்பை எடுத்து, ஜிப்பு தெரியாதபடி பையைச் சுற்றிச் சுற்றி ஒட்டினார். "மூணாறு தாண்டுற வரைக்கும் திறக்கக் கூடாது. நடுவுல எங்கயும் இறங்கக் கூடாது, கேட்டோ." அவர் அவருடைய வேலையைச் சரியாகத்தான் செய்தார். பையை அங்கேயே நன்றாகக் கொட்டிப் பார்த்திருந்தால் எங்களுக்கு இன்னும் உதவியாக இருந்திருக்கும். அது அப்போது எனக்குத் தெரியாது.

மறையூர் வந்ததும் காற்று மாறியது. மூணாறில் மழைத் தூறல். அங்கிருந்து சின்னக்கானலுக்கு ஒரு பஸ், சின்னக்கானலில் இருந்து சூரியநெல்லிக்கு ஜீப், ஆளுக்கு ஐம்பது ரூபாய். ஜீப்பில் பன்னிரண்டு பேர் இருந்தோம். என் ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. டிரைவரிடம், "இன்னும் எவ்வளவு தூரமுங்க?" என்று கேட்டேன். "தூரமெல்லாம் இல்லண்ணே, ரோடுதான் இல்ல" என்றார்.

சாயங்காலம் ஐந்து மணி, சூரியநெல்லி

வெளியூர்ப் பெண்களும் கூட வந்தவர்களும் தங்குவதற்குத் தோட்டத்துச் சமூகக்கூடத்தைக் கொடுத்திருந்தார்கள். சிமெண்டுத் தரையில் பாய். சுவரைத் தொட்டால் கை ஈரமாகிறது. ஐந்தரைக்கு வில்லையெல்லாம் பரிசோதிப்பார்கள் என்று சொன்னதால், சுடுதண்ணி கூடக் குடிக்காமல் நகத்தால் டேப்பைக் கிழித்துப் பையைத் திறந்தோம்.

வில்லின் கைப்பிடி இருந்தது. மேல் கிளை, கீழ் கிளை, அம்புகள், விரலுக்குப் போடுகிற தோல், முன்கைக் காப்பு, எல்லாம் இருந்தன. பூங்கொடி பையைக் கவிழ்த்து உதறினாள். பிறகு பக்கத்து ஜிப்பு. பிறகு என் துணிப்பை.

"ஏனுங்க, கயிறு எங்கீங்க?"

"உன்ற பையிலதான் இருக்கும், நல்லாப் பாரு அம்மிணி."

"என்ற பையில எப்புடீங்க இருக்கும்? பூசைக்குக் கழட்டி வாங்குனது நீங்கதானுங்களே."

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது.

ஆயுத பூஜைக்கு நம் பக்கம் என்ன செய்வோம் என்று உங்களுக்கே தெரியும். என் ஸ்பேனர்கள், பிள்ளைகளின் புத்தகங்கள், பள்ளிக்கூடத்துப் பெரிய கரண்டி, பூங்கொடியின் வில், எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்து அம்மன் படத்தின் முன்னால் வைத்தோம். வைத்துவிட்டால் தசமி காலை வரைக்கும் யாரும் தொடக் கூடாது. வில்லைக் கழற்றி வைத்தால் மூன்று துண்டுக் கட்டையாகத்தான் தெரிந்தது. கயிறுதானே இதற்கு உயிர், அதைத் தரையில் வைப்பானேன் என்று தோன்றியது. சாமந்தி மாலையோடு சேர்த்து அதையும் அம்மன் படத்துக்குச் சாத்தினேன். யாரும் சொல்லிச் செய்யவில்லை. என் பக்திதான். தசமி காலையில் கீழே இருந்ததையெல்லாம் எடுத்தோம். மாலையை மட்டும் சாயங்கால விளக்கு வைத்த பிறகுதான் எடுப்போம். மாலைக்கு அடியில் கயிறும் அப்படியே நின்றுவிட்டது.

வீட்டில் பிள்ளைகளுக்குத் துணையாக இருந்த பூங்கொடியின் தங்கைக்குப் போன் போட்டேன். எடுத்தது கவின். ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்து, "அப்பா, கயிறு சாமி கழுத்துல இருக்குதுப்பா! வெளக்கு வெக்கறதுக்குள்ள எடுக்கப்படாதுங்கறாங்க சித்தி. என்ன பண்றது?" என்றான்.

பூங்கொடி என் கையிலிருந்து போனை வாங்கினாள். "வெளக்கு வெச்சப்பறம் எடுத்து அலமாரில வெய்யி கண்ணு. பத்திரம்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். திட்டியிருந்தால் கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அந்தக் கயிறு எந்தக் கடையிலும் கிடைக்கிற கயிறு இல்லை. கோயமுத்தூருக்கோ கொச்சிக்கோ போக வேண்டும். விடிந்தால் போட்டி.

பக்கத்துப் பாயில் இருந்த பெண் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெயர் முத்துச்செல்வி. உள்ளூர்த் தோட்டத்துப் பெண்தான், பரிசோதனைக்காக வந்திருந்தாள். சின்னக்கானலில் சுற்றுலாக்காரர்கள் தங்குகிற இடத்தில், வருகிறவர்களுக்கு அம்பு எடுத்துக் கொடுக்கிற வேலை. எடுத்துக் கொடுத்துக் கொடுத்தே எய்யவும் கற்றுக்கொண்டவள்.

"என்னக்கா, கயித்த விட்டுட்டு வந்துட்டீகளா?"

"ஆமாங் கண்ணு. சாமி கழுத்துல இருக்குது."

அவள் என்னைப் பார்த்தாள். விஷயம் புரிந்துவிட்டது. "அண்ணாச்சி, கயித்த சாமிக்குப் போட்டீக, சரி. வில்லையும் அங்ஙனயே வச்சிட்டு வந்திருந்தா அக்கா இத்தன தூரம் செமந்திருக்க வேண்டாம்லா?"

பூங்கொடிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் உயிர் வந்தது.

முத்துச்செல்வி தன் பையிலிருந்து சுருட்டிய கயிறு ஒன்றை எடுத்தாள். "என்ட்ட உபரியா ஒண்ணு இருக்கு. ஆனா என் வில்லு ஒங்க வில்ல விட ரெண்டு இஞ்சு நீளம். கயிறு தொளதொளன்னு நிக்கும். முறுக்கித்தான் பூட்டணும்."

"நீயும் பொம்பளைகள்லதானே எய்யறே? எனக்குக் குடுத்தா உனக்கு இடைஞ்சல் இல்லியா?"

"கயிறில்லாத ஆள ஜெயிச்சிட்டேன்னு நான் எங்க லயத்து வீடுகள்ல போய்ச் சொல்ல முடியுமாக்கா? மாடு மேய்க்கிறவுக கூடச் சிரிப்பாக."

கயிற்றை முறுக்க முறுக்க நீளம் குறையும். நான் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டேன். அவள் மறுமுனையை விரலில் மாட்டிச் சுற்றிக்கொண்டே இருந்தாள். ஒருவழியாகப் பூட்டினோம். அப்படியும் கொஞ்சம் தொய்வாகத்தான் இருந்தது. பரிசோதித்தவர் அழுத்திப் பார்த்து, "ம், செல்லும்" என்றார்.

மறுநாள்

பனி விலகுவதற்கு ஒன்பது மணி ஆகிவிட்டது. நாலு நாலு பேராகக் கூட்டம் பிரித்தார்கள். பூங்கொடியும் முத்துச்செல்வியும் ஒரே கூட்டம். கூட ஒரு நடுவர், மலையாளி. அம்பு பொறுக்க, பை சுமக்க என்று கூட வர என்னையும் அனுமதித்தார்கள்.

முதல் பொம்மை காட்டுப்பன்றி. தேயிலைச் செடிக்கு நடுவே முதுகு மட்டும் தெரிந்தது. பூங்கொடி இழுத்து விட்டாள். அம்பு பன்றியின் வயிற்றில் தைத்தது, கயிறு அவள் மணிக்கட்டில் அடித்தது. தொய்ந்த கயிறு அப்படித்தான் செய்யும். காப்பு போட்ட இடத்துக்குச் சரியாக ஒரு விரற்கடை கீழே விழுந்தது அடி. ஒவ்வொரு அம்புக்கும் அதே இடம். ஐந்தாவது பொம்மையில் சிவந்தது, பத்தாவதில் நீலமானது. கைக்குட்டையைச் சுற்றிவிட்டேன். "கட்டு இறுக்கமா வேண்டாமுங்க" என்று மட்டும் சொன்னாள்.

ஏறுவது, இறங்குவது, மறுபடி ஏறுவது. காலுக்கடியில் சேறு. அட்டை ஒன்று என் கணுக்காலில் ரத்தம் குடித்தது, அது விழுந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. எலப்புள்ளியில் ஒரு நாள் முழுக்க நடந்தாலும் இப்படி மூச்சு வாங்காது. நம்மூர் தட்டை. இங்கே ஒரு பொம்மையிலிருந்து அடுத்த பொம்மைக்குப் போவதற்குள் வயசு ஒன்று கூடிவிடுகிறது. தோட்டத்துப் பெண்கள் கொழுந்துக் கூடையோடு எங்களைத் தாண்டிப் போனார்கள். ஒருத்தி முத்துச்செல்வியிடம், "ஏ செல்வி, ரப்பர் பன்னிய வெரட்ட இத்தன பேரா? எங்க பீன்ஸ் தோட்டத்துக்கு வாங்கட்டி, நெசப் பன்னியே நிக்கி" என்று கத்தினாள்.

பாதியில் கஞ்சியும் பயறும் கொடுத்தார்கள். அப்போது பலகையில் புள்ளி எழுதிப் போட்டார்கள். பெண்களில் பூங்கொடி மூன்றாவது, முத்துச்செல்வி நாலாவது. முதல் இரண்டு பேரும் எட்டாத தூரத்தில் இருந்தார்கள், ஐந்தாவது ஆள் வெகு பின்னால். ஆக மூன்றாவது இடம் இந்த இரண்டு பேரில் ஒருத்திக்குத்தான். அதைப் பார்த்துவிட்டு இருவரும் ஒரே இலையில் ஊறுகாய் தொட்டுச் சாப்பிட்டார்கள். எனக்குத்தான் கஞ்சி இறங்கவில்லை.

பதினாறு பொம்மை முடிந்தபோது பூங்கொடி ஆறு புள்ளி முன்னால் இருந்தாள். பதினேழாவது ஒரு மான். முத்துச்செல்வி வில்லை இழுத்தாள். படக்கென்று ஒரு சத்தம். அவள் அம்பை விடவில்லை, மெல்லக் கையைத் தளர்த்திக் கீழே இறக்கினாள். கயிற்று முனையில், வில்லில் மாட்டுகிற கண்ணியில் இழைகள் அறுந்து மயிர் மாதிரிப் பிரிந்து நின்றன. இன்னொரு முறை இழுத்தால் மொத்தமும் போய்விடும்.

நடுவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சரி செய்ய பதினஞ்சு மினிட்டு. இல்லேங்கில் மிச்சம் நாலும் பூஜ்யம்."

முத்துச்செல்வி தன் பையைத் திறக்கவே இல்லை. அதில் ஒன்றும் இல்லை என்று அவளுக்குத் தெரியும். எங்கள் பக்கமும் பார்க்கவில்லை. அறுந்த இழையை விரலால் நீவிக்கொண்டே நின்றாள்.

நான் பூங்கொடியின் காதோரம் போய், "அம்மிணி, நாலுதானே பாக்கி. நீ முடிச்சுப் போட்டுக் குடுத்தரலாம்" என்றேன். ஆமாம், சொன்னேன். அவள் மணிக்கட்டைப் பார்த்துவிட்டு எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

"முடிச்சுப் போட்டுக் குடுத்தா அது அவளுக்கு எதுக்குங்க? துணி காயப் போடவா? அவ கயிறுங்க இது" என்றாள். பிறகு நடுவரிடம் திரும்பி, "சார், ஒரே கயித்துல ரெண்டு பேரும் எய்யலாமுங்களா? நான் எய்து கழட்டிக் குடுக்கறேன், அவ பூட்டி எய்யட்டும்" என்று கேட்டாள்.

நடுவர் கையிலிருந்த விதிப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். "கூடாதுன்னு எங்கயும் இல்ல. பக்ஷே சமயத்துக்குள்ள நடக்கணும்."

நாலு பொம்மையும் அப்படித்தான் நடந்தது. பூங்கொடி இரண்டு அம்பு எய்வாள். வில்லைத் தொடையில் அழுத்தி வளைத்துக் கயிற்றைக் கழற்றுவாள். நானும் முத்துச்செல்வியும் ஆளுக்கொரு முனை பிடித்து முறுக்கை அவிழ்ப்போம். அவள் பூட்டி எய்வாள். திரும்ப முறுக்குவோம். என் விரல் நுனிகள் எரிந்தன. கூட வந்த மற்ற இரண்டு பெண்களும் முதலில் முனகினார்கள். பிறகு அவர்களே வில்லைப் பிடித்துக்கொள்ள வந்துவிட்டார்கள். முத்துச்செல்வி ஒரு தடவை, "அண்ணாச்சி, மெதுவா சுத்துங்க, ராட்டினமா இது?" என்றாள். யாருக்கும் சிரிக்கத் தெம்பு இல்லை.

மானிலும், அடுத்து வந்த காட்டெருமையிலும் இருவரும் எடுத்தது ஒரே புள்ளி. பத்தொன்பதாவது கரடி. இரண்டு சரிவு சேர்கிற பள்ளத்துக்குள் நின்றது. பூங்கொடியின் முதல் அம்பு கரடியின் தோளை உரசாமல் தாண்டி, தேயிலைக்குள் போய் மறைந்தது. பூஜ்யம். இரண்டாவது தைத்தது. முத்துச்செல்வியின் இரண்டும் நன்றாகத் தைத்தன, அவள் முன்னால் போய்விட்டாள். கடைசிப் பொம்மையில் பூங்கொடி கொஞ்சம் எட்டிப் பிடித்தாள். போதவில்லை.

சாயங்காலம் முடிவு படித்தார்கள். முத்துச்செல்வி மூன்றாவது. பூங்கொடி நாலாவது. வித்தியாசம் இரண்டு புள்ளி.

பெயர் கூப்பிட்டும் முத்துச்செல்வி எழுந்திருக்கவில்லை. பூங்கொடிதான் அவள் முதுகில் ஒன்று போட்டு, "எந்திரிச்சுப் போ கண்ணு, குளுருல ஆளுக நின்னுட்டிருக்காங்க" என்று தள்ளினாள்.

திரும்புகிற நாள்

வந்த வழியில் திரும்பாமல் பூப்பாறை, போடிமெட்டு வழியாக இறங்கினோம். காலை ஏழு மணி ஜீப்புக்கு முத்துச்செல்வி வந்து நின்றாள். ஒரு பொட்டலம் தேயிலைத் தூள் கொடுத்தாள். "கைக்கு மஞ்சப் பத்து போடுங்கக்கா" என்றாள். கயிற்றை முந்தின ராத்திரியே பூங்கொடி துடைத்து, சுருட்டி, அவள் பையில் வைத்துவிட்டிருந்தாள்.

போடிமெட்டில் இருந்து கீழே இறங்க இறங்கக் காது அடைத்தது. போடி, தேனி, பெரியகுளம் என்று வெயில் ஏறிக்கொண்டே வந்தது. பூங்கொடி ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கினாள். மடியில் வீங்கின கை. எனக்குத் தூக்கம் வரவில்லை. வீட்டுக்குப் போனதும் பிள்ளைகள் கேட்பார்களே, என்ன சொல்வது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தேன். கயிற்றை நான் மறந்ததைச் சொல்ல வேண்டும். அடி வாங்கி வாங்கி அவள் கை சோர்ந்துபோனதைச் சொல்ல வேண்டும். இரவல் கயிற்றை வைத்துக்கொண்டு யார்தான் ஜெயிக்க முடியும் என்று முடிக்க வேண்டும்.

ஒட்டன்சத்திரம் தாண்டியதும் கண் விழித்துத் தண்ணீர் குடித்தாள். நான் யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன்.

"அப்புடிச் சொல்லாதீங்க" என்றாள். "கயித்தாலதான் தோத்தேன்னு புள்ளைக நெனைச்சுக்கும். கயிறு சரியாத்தானுங்க இருந்துச்சு. கை வலிச்சுது, ஆனா கை ஆடலீங்க. அந்தக் கரடிய நான்தான் தப்பா எய்தேன்."

"அது எப்புடி?"

"களத்துமேட்டுல எந்நேரமும் மேக்க இருந்து காத்தடிக்குமுங்களே, அதுக்கு ஒரு சாண் தள்ளிப் புடிச்சுப் புடிச்சே பழகிப்போச்சு. பள்ளத்துல கரடியக் கண்டதும் கை தானாத் தள்ளிப் புடிச்சிருச்சு. அம்ப விட்டப்பறம்தான் தேயில எலையப் பாத்தேன். ஒரு எல அசையலீங்க. அங்க காத்தே இல்ல."

பழனியில் பஸ் நின்றது. அவளே, "மலையில காத்தில்லாத எடத்துல எய்து பழகோணும். வாளையார்ப் பக்கம் ஏதாச்சும் பள்ளம் இருக்குதுங்களா?" என்று கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.